பண மூட்டையும் பால் விலையும்

பால் விலை ஏறுகிறது. வீட்டில் இருக்கும் அம்மா என்ன நினைக்கிறாள்? "தீவனம் விலை ஏறியிருக்கும். மழை பொய்த்திருக்கும்" என்று நினைக்கிறாள். தேர்தலுக்கும் பால் விலைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைப்பாளா?

சம்பந்தம் இருக்கக்கூடும் என்று காட்டியது, 1971-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி. ஜனாதிபதியின் பெயரே அதில் அடிபட்டது. கோர்ட்டு வரை போயிற்று.

சர்க்கார் வைக்கும் விலை

அமெரிக்காவில் பால் உற்பத்தி செய்கிறவர்களுக்கு சர்க்கார் ஒரு உறுதி கொடுத்திருந்தது. பால் விலை ஓர் அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வோம் என்பதே அந்த உறுதி. விலை இறங்கினால் வெண்ணெய், பாலாடைக் கட்டி, பால் பவுடர் ஆகியவற்றை சர்க்காரே வாங்கிக்கொள்ளும். அதனால் சந்தையில் விலை சரியாது.

இதில் தவறு இல்லை. மாடு வளர்ப்பவரும் பிழைக்க வேண்டும் அல்லவா? ஆனால், அந்த அளவைக் கொஞ்சம் உயர்த்தினாலும் பாரம் குடும்பங்களின் தலையில்தான் விழும். ஆகவே, கணக்குப் பார்த்துத்தான் விலை வைக்க வேண்டும்.

1971 மார்ச் 12-ந் தேதி. விவசாய மந்திரி கிளிபோர்டு ஹார்டின் அந்த ஆண்டுக்கான விலையை அறிவித்தார். 100 பவுண்டு பாலுக்கு, அதாவது சுமார் 45 கிலோவுக்கு, 4 டாலர் 66 சென்ட். முந்தைய ஆண்டு என்ன விலையோ, அதே விலைதான். உயர்வு கிடையாது.

பால் சங்கங்களின் தலைவர்கள் கொதித்தார்கள்.

13 நாட்களில் மாற்றம்

இந்தச் சங்கங்கள் சிறிய சங்கங்கள் அல்ல. ஆயிரக்கணக்கான பண்ணைக்காரர்கள் சேர்ந்த 3 பெரிய கூட்டுறவுச் சங்கங்கள். கையில் ஏராளமான பணம் இருந்தது.

1969-ம் ஆண்டிலேயே, இவற்றுள் மிகப் பெரிய சங்கத்தின் பணம் 1 லட்சம் டாலர், ஜனாதிபதி ரிச்சர்டு நிக்சனின் சொந்த வக்கீலிடம் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. 1972 தேர்தலுக்கு 20 லட்சம் டாலர் தருவதாகவும் வாக்களித்திருந்தார்கள்.

மார்ச் 23-ந் தேதி பால் சங்கத் தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போனார்கள். நிக்சன் அவர்களை வரவேற்றார். அரசியலில் விழிப்போடு இருக்கிறவர்கள் என்றும், பேச்சோடு நிற்காமல் செயலிலும் காட்டுகிறவர்கள் என்றும் பாராட்டினார். அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னார்.

அந்த அறையில் ரகசிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருந்தது. பேச்சு முழுவதும் அதில் பதிவாயிற்று. பிறகு அதுவே ஊரறிந்த செய்தி ஆயிற்று.

அன்று மாலையே நிக்சன் தம் மந்திரிகளையும் உதவியாளர்களையும் கூட்டிப் பேசினார். விலையை உயர்த்துவது என்று முடிவாயிற்று. 25-ந் தேதி புதிய அறிவிப்பு வந்தது. 4 டாலர் 66 சென்ட், 4 டாலர் 93 சென்ட் ஆயிற்று!

இடையில் 13 நாட்கள்தான். அதற்குள் மாடுகள் மாறிவிட்டனவா? புல் மாறிவிட்டதா?

துண்டு துண்டாகப் பணம்

சொன்ன 20 லட்சம் டாலரும் வந்து சேரவில்லை. ஆனால், வந்த பணம் வந்த விதம் வேடிக்கையானது.

ஒரே காசோலையாகக் கொடுத்தால் எல்லோர் கண்ணிலும் படும் அல்லவா? ஆகவே, யாரும் கேள்விப்படாத பெயர்களில் பல கமிட்டிகள் முளைத்தன. ஒவ்வொரு கமிட்டிக்கும் 2,500 டாலர் என்று பணம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பார்க்கிறவர்களுக்கு அது பல பேர் கொடுத்த சிறிய நன்கொடை போலத் தெரியும். உண்மையில் பணம் வந்தது ஒரே திசையிலிருந்துதான்.

நிக்சன் சொன்ன பதில்

1974 ஜனவரியில் நிக்சன் தரப்பு பதில் வெளியிட்டது. நன்கொடை பற்றி அவருக்குத் தெரியும் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால், விலையை உயர்த்தியது அதற்காக அல்ல என்றது. அமெரிக்கச் சட்டசபையான காங்கிரசில் பலர் விலையை உயர்த்தும்படி மசோதா கொண்டுவந்திருந்தார்கள். தாம் உயர்த்தாவிட்டால் அவர்களே உயர்த்தியிருப்பார்கள் என்பது அவர் வாதம்.

காங்கிரசின் நெருக்கடி உண்மைதான். ஆனால், காங்கிரஸ் உறுப்பினர்களிலும் பலர் பால் சங்கங்களின் நன்கொடை பெற்றவர்களே! எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பண மூட்டை நின்றது.

நன்கொடை பற்றிய பெரிய தொல்லையே இதுதான். "பணத்துக்காகச் செய்தார்" என்று நிரூபிப்பது கடினம். "பணத்துக்காகச் செய்யவில்லை" என்று நம்புவதும் கடினம்.

கோர்ட்டில்

நுகர்வோருக்காகப் போராடி வந்த ரால்ப் நேடரும் மற்றவர்களும் 1972 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். பின்னர் வாட்டர்கேட் ஊழலை விசாரித்த செனட் கமிட்டியும் பால் பணத்தைத் துருவியது. சட்டத்துக்கு மாறாக நன்கொடை கொடுத்ததை அந்தப் பெரிய பால் சங்கம் 1974-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. விலை உயர்வுக்கு உதவியதற்காக 10 ஆயிரம் டாலர் வாங்கினார் என்று முன்னாள் நிதி மந்திரி ஜான் கானலி மீது வழக்கு வந்தது. 1975-ல் அவர் நிரபராதி என்று விடுதலை ஆனார்.

நிக்சன் 1974 ஆகஸ்டு 9-ந் தேதி பதவி விலகினார். அதற்குக் காரணம் வாட்டர்கேட், பால் அல்ல. ஆனால், அந்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத்துக்கு இந்தப் பால் பணமும் ஒரு காரணம். ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் ஒருவர் 1,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் கட்டுப்பாடு வைத்தது. கண்காணிக்கத் தேர்தல் கமிஷனும் ஏற்பட்டது.

பணம் சும்மா இருக்குமா? வேறு வழி தேடியது. தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு வைப்பது செல்லாது என்று 1976-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு கூறியது. வேட்பாளரோடு கலந்து பேசாமல், கம்பெனிகள் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் பிரசாரத்துக்குச் செலவிடலாம் என்று 2010-ல் தீர்ப்பு வந்தது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2018-ல் தேர்தல் பத்திரங்கள் வந்தன. எந்தக் கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்பது ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. வாக்காளருக்கு அறியும் உரிமை உண்டு என்று 5 நீதிபதிகளும் ஒரே மனதாகச் சொன்னார்கள். அடுத்த மாதமே, பத்திரம் வாங்கியவர்களின் பெயர்கள் வெளியாயின.

அடுப்படியின் பதில்

வழக்கு நடக்கட்டும், சட்டம் வரட்டும். அதுவரை வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே? அமெரிக்கக் குடும்பங்களுக்கும் இதே கவலைதான்.

1973-ல் அங்கே உணவுப் பொருள் விலை ஒரே ஆண்டில் சுமார் 20 சதவீதம் ஏறியது. அதற்கு நன்கொடை காரணம் அல்ல. ரஷியாவுக்குப் பெருமளவில் தானியம் விற்றது, உலகில் பல இடங்களில் விளைச்சல் குறைந்தது என்று பல காரணங்கள். ஆனால், பொறுக்க முடியாத தாய்மார்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் "இறைச்சி வாங்க மாட்டோம்" என்று நாடெங்கும் மறியல் செய்தார்கள்.

பலர் மண்வெட்டியையும் எடுத்தார்கள். சியாட்டில் நகரில் பிக்கார்டோ என்ற குடும்பத்தின் பழைய காய்கறிப் பண்ணை இருந்தது. 1973-ல் நகரசபை அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து மக்களுக்குக் கொடுத்தது. நியூயார்க்கில் குப்பை நிறைந்த ஒரு காலி மனையை லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அவர் நண்பர்களும் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். 1974-ல் நகரசபை மாதம் 1 டாலர் வாடகைக்கு அதை அவர்களுக்கு விட்டது.

இது அந்த நாட்டுக்குப் புதிது அல்ல. 1894-ல் டெட்ராய்ட் நகரில் வேலையில்லாத் திண்டாட்டம். நகரத் தலைவர் ஹேசன் பிங்ரி, காலி மனைகளில் உருளைக்கிழங்கு பயிரிட ஏழைகளை அழைத்தார். வசதி படைத்தவர்கள் சிரித்தார்கள். பிங்ரியும் பணக்காரர்தான், செருப்புத் தொழிற்சாலை முதலாளி. ஆனால், விதை வாங்கப் பணம் சேராதபோது தம் குதிரையை விற்றார்! அந்த ஆண்டே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்த மனைகளில் அறுவடை செய்தன.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது 1943-ல் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. நாட்டுக்கு வேண்டிய காய்கறியில் 40 சதவீதம் வரை அவற்றில் விளைந்ததாகக் கணக்கிட்டார்கள்.

தோட்டத்துக்கும் ஆபத்து!

"அப்படியானால் தோட்டம் போட்டால் போதும், அரசியல் நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். 1999-ல் நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள்.

மக்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த 114 தோட்டங்களை ஏலம் விட நகரசபை முடிவு செய்தது. மனைகள் நகரசபைக்குச் சொந்தம். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அவை வேண்டும். தக்காளியும் அவரையும் காய்த்த இடம் கைமாற இருந்தது.

கடைசி நேரத்தில் 2 அறநிலையங்கள் 42 லட்சம் டாலர் கொடுத்து அந்தத் தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றின. அவற்றில் ஒன்று, நடிகை பெட் மிட்லர் தொடங்கியது. ஆக, வசதி உள்ளவர்களின் பணம் நல்லதும் செய்யும். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால்? தோட்டம் போட்டவர்கள் கைகட்டி நின்றிருப்பார்கள். உழைப்பு அவர்களுடையது, முடிவு வேறு யாருடைய கையிலோ இருந்தது.

இரண்டும் வேண்டும்

வீட்டுத் தோட்டம் எல்லாவற்றையும் தந்துவிடாது. அரிசி தராது, பால் தராது. ஆனால், கீரையும் காயும் தரும். விலை ஏறும் நாளில் குடும்பம் தடுமாறாமல் இருக்க ஒரு பிடிமானம் தரும்.

அதற்குப் பெரிய நிலம் தேவையில்லை. நல்ல வெயில் விழும் இடம் வேண்டும். அடியில் ஓட்டை போட்ட பழைய வாளி, மண், மக்கிய சாணம் போதும். அரைக்கீரை, சிறுகீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். வெண்டை இரண்டு மாதத்துக்குள் காய்க்கத் தொடங்கும். கொல்லை இருந்தால் ஒரு முருங்கைக் கொம்பை நட்டு வைக்கலாம். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது தினசரி வேலை. தேர்தல் 5 ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. அப்போது வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "ஐயா, உங்கள் கட்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் யார்?"

கேட்பதற்குக் காசு வேண்டாம். பெரிய படிப்பும் வேண்டாம். 1971-ல் அமெரிக்கக் குடும்பங்களுக்கு இதற்குப் பதில் தெரிந்திருந்தால், பால் விலை ஏறியபோது அவர்கள் மழையை மட்டும் நொந்துகொண்டிருக்க மாட்டார்கள்.