ஒன்றரைச் சதுர மீட்டரின் கணக்கு

உயரம் 150 செ.மீ., எடை 54 கிலோ. பெருக்கினால் 8,100. அதை 3,600-ஆல் வகுத்தால் 2.25. வர்க்கமூலம் 1.5. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்க வரும் பெண்ணின் கேஸ் ஷீட்டில் 'பி.எஸ்.ஏ.' என்று போட்டு, பக்கத்தில் எழுதப்படும் எண் இதுதான்: உடலின் பரப்பளவு, ஒன்றரைச் சதுர மீட்டர். நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு ஏறக்குறைய இந்த அளவே வரும் என்பதால், கட்டுரை முழுக்க இவரையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஆள் கற்பனை, அளவுகள் நடைமுறையில் உள்ளவை.

பில்லை வாங்கியதும் எல்லாரும் கடைசி வரியைப் பார்க்கிறோம். அந்த வரியோடு சண்டை போட முடியாது. மேலே இருக்கும் வரிகளோடு போடலாம். தொகை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். எத்தனை மில்லிகிராம், எத்தனை குப்பி, எத்தனை நாள் என்பவை பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே தெரிந்தவை. எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்த யாரும் சரிபார்க்கலாம்.

தொகையையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 75-ஆவது சுற்று, 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை, நாடு முழுவதும் வீடு வீடாகக் கேட்டது. பிரசவம் நீங்கலாக ஒருமுறை மருத்துவமனையில் படுத்து எழுந்தால் ஆன சராசரி மருத்துவச் செலவு 20,135 ரூபாய். புற்றுநோய்க்கு மட்டும் எடுத்தால் 61,216. அரசு மருத்துவமனையில் 22,520, தனியாரில் 93,305. விலைவாசி அதற்குப் பிறகு எங்கேயோ போய்விட்டது, விகிதத்தைக் கவனியுங்கள். மொத்தச் சராசரியைப் போல மூன்று மடங்கு. அதுவும் ஒருமுறை படுத்ததற்கு. இந்த நோயில் ஒருமுறையோடு யாருக்கும் முடிவதில்லை.

கீமோவுக்கு வருவோம். பரவலாகத் தரப்படும் வரிசை ஒன்று: டாக்ஸோரூபிசின் சதுர மீட்டருக்கு 60 மி.கி., சைக்ளோபாஸ்பமைடு 600 மி.கி., 21 நாளுக்கு ஒருமுறை, நான்கு முறை. பிறகு பாக்லிடாக்ஸல் 80 மி.கி. வாரம் ஒருமுறை, 12 வாரம். 84 நாளும் 84 நாளும் சேர்த்து 168 நாள். அதில் மருந்து ஏறும் நாள் 16.

ஒன்றரையால் பெருக்குங்கள். டாக்ஸோரூபிசின் 90 மி.கி. வார்டில் 'சிவப்பு மருந்து' என்பார்கள். அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குப்பிகள் 50 மி.கி., 10 மி.கி. என்று வருகின்றன. ஒரு ஐம்பதும் நான்கு பத்தும் எடுத்தால் சரியாக 90. இரண்டு ஐம்பது எடுத்தால் 10 வீண். சைக்ளோபாஸ்பமைடு 900 மி.கி.: ஒரு 500, இரண்டு 200. இங்கேயும் மிச்சமில்லை.

பாக்லிடாக்ஸலில்தான் கசிகிறது. வாரம் 120 மி.கி. வேண்டும். குப்பி 100, 30 என்று வருகிறது. நான்கு முப்பது எடுத்தால் சரியாக 120, ஆனால் ஒரு நூறும் ஒரு முப்பதும் எடுத்தால் 130. வாரத்துக்கு 10 மி.கி. என்றால் 12 வாரத்தில் 120. முழுதாக ஒரு வாரத்து மருந்து, காசு கொடுத்து வாங்கிக் குப்பைக் கூடைக்குப் போகிறது. ஒரே நாளில் பலருக்கு மருந்து கலக்கும் இடத்தில் ஒருவரின் மிச்சத்தை இன்னொருவருக்குப் பயன்படுத்துவார்கள். மருந்தளவை 5 முதல் 10 சதவீதம் வரை மாற்றி முழுக் குப்பிக்கு அடக்கிக்கொள்வதைப் பல நெறிமுறைகளும் ஏற்கின்றன. இதை டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 175 மி.கி. வீதம் நான்கே தடவையில் முடித்தால் எட்டு நாள் மிச்சமாகுமே என்று தோன்றும். வாரந்தோறும் தரும் முறையே நோய் திரும்பாமல் காப்பதில் மேல் என்று 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த எட்டு நாளை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று: எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பு, விலை அல்ல. 2019-இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. சில பிராண்டுகளின் விலை 90 சதவீதம் வரை இறங்கியது. அதுவரை அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணில் மருந்தின் பங்கு எவ்வளவு, இடையில் நின்றவர்களின் பங்கு எவ்வளவு என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

திட்டத்தில் இல்லாத ஒரு படுக்கை உண்டு, அதற்கு யாரும் காசு எடுத்து வைப்பதில்லை. சிவப்பு மருந்து ஏறிய 10-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது காய்ச்சல் 101 டிகிரி ஒருமுறை காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்றாலோ, பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடக் கூடாது. ராத்திரி 2 மணியானாலும் கிளம்ப வேண்டும். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை 500-க்குக் கீழே இருந்தால், வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது விதி. நான் சொன்ன மருந்துக் கூட்டை வழிகாட்டு நெறிகள் இந்தக் காய்ச்சலுக்கு 10 முதல் 20 சதவீத அபாயப் பிரிவில் வைத்திருக்கின்றன. ஆக, நூறு பேரில் பத்துப் பேராவது இந்தப் படுக்கைக்கு வரக் கூடும்.

அதன் அளவுகள்: பிப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 4 குப்பி, 5 நாளுக்கு 20. அணுக்களை ஏற்ற ஃபில்கிராஸ்டிம், கிலோவுக்கு 5 மைக்ரோகிராம்; 54 கிலோவுக்கு 270, ஆகவே நாளுக்கு 300 மைக்ரோகிராம் ஊசி ஒன்று. பில்லில் 28 குப்பி இருந்தால் எட்டு எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் அவை அலமாரியில் பிரிக்காமல் இருக்கும். ஃபார்மசியில் 'ரிட்டர்ன்' போட்டால் கழியும். டிஸ்சார்ஜ் அவசரத்தில் அதை மறந்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

அறுவை சிகிச்சைப் படுக்கையை நீட்டுவது பெரும்பாலும் தையல் அல்ல, டிரெயின் குழாய். மார்பகத்தையும் அக்குளின் நெறிக்கட்டிகளையும் எடுத்த இடத்தில் ஊறும் நீரை உறிஞ்ச, அமுக்கி வைத்த ஒரு பிளாஸ்டிக் குப்பி தொங்கும். காலையில் அதைத் திறந்து, கோடு போட்ட ஜாரில் ஊற்றி, கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, மில்லிலிட்டரைச் சீட்டில் எழுதி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுவார்கள். முதல் நாள் ரத்தச் சிவப்பு, பிறகு வெளிர் சிவப்பு, பிறகு மோர்த் தெளிவு போல மஞ்சள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே இறங்கினால் குழாயை எடுக்கலாம். அதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை வார்டில் கிடக்க வேண்டியதில்லை. காலி செய்யும் விதத்தை நர்ஸிடம் துணைக்கு இருப்பவர் ஒருமுறை பார்த்துப் பழகிக்கொண்டால், இரண்டு மூன்று நாளில் குழாயோடு வீட்டுக்கு வந்துவிடலாம். அறை வாடகையில் ஐந்தாறு நாள் அங்கேயே மிச்சம்.

அறை வாடகை என்றதும் காப்பீடு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பணம் போகும் இடம் இது. பாலிசி 3 லட்சம். அறை வாடகை நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 வரை என்று உள்ளே எழுதியிருக்கிறது. நீங்கள் 6,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள், 4 நாள். கூடுதல் 12,000 தானே, கொடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். கணக்கு அப்படிப் போகாது.

அறை: 24,000. தருவது 12,000.
சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங்: 1,20,000. தருவது 60,000.
மருந்து, பரிசோதனை: 50,000. தருவது 50,000.
மொத்தம் 1,94,000. தருவது 1,22,000. உங்கள் கையிலிருந்து 72,000.

(தொகைகள் உதாரணத்துக்கு.) தகுதியான அறைக்கும் எடுத்த அறைக்கும் உள்ள விகிதத்தில், இங்கே பாதிக்குப் பாதி, டாக்டர் கட்டணமும் வெட்டப்படுகிறது. மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றை இப்படி வெட்டக் கூடாது, ஐ.சி.யூ. வாடகையையும் வெட்டக் கூடாது. அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனையில் இந்த வெட்டே செல்லாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இது. மறுப்புக் கடிதம் வந்தால் இதைக் காட்டி எழுதுங்கள். வாடகை நாளுக்கு 5,000-ஐத் தாண்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு, அது தனி. காப்பீட்டில் சேராத பொருள்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, 68 இனம். கையுறையும் இன்ன பிறவும் அதில் அடங்கும்.

ஹெர்-2 பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால் கணக்கு வேறு. நூற்றில் 15 முதல் 20 பேருக்கு அப்படி வரும். அதற்கான மருந்து டிராஸ்டுசுமாப்: முதல் ஊசி கிலோவுக்கு 8 மி.கி., பிறகு 21 நாளுக்கு ஒருமுறை 6 மி.கி., ஓராண்டுக்கு 18 ஊசி. 54 கிலோவுக்கு முதலில் 432, பிறகு 324 வீதம் 17. மொத்தம் 5,940 மி.கி. பெரிய குப்பி 440 மி.கி. ஊசிக்கு ஒன்று திறந்து மிச்சத்தைக் கொட்டினால் 18 குப்பி. ஆனால் பெரிய குப்பியோடு வரும் கிருமி தடுக்கும் நீரில் கலந்து 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் 28 நாள் தாங்கும். அடுத்த ஊசி 21-ஆம் நாள். மிச்சமான 116 மி.கி.யைச் சேர்த்துக்கொண்டே போனால் நான்கு ஊசிக்கு மூன்று குப்பி போதும், ஆண்டுக்கு 14. இந்தியாவில் தயாரான முதல் ஒத்த மருந்து 2014-இல் விற்பனைக்கு வந்தபோது 440 மி.கி. குப்பி 57,500 ரூபாய். அந்த விலையில் நான்கு குப்பி 2,30,000. விலை பிறகு நன்றாக இறங்கிவிட்டது. 18-க்கும் 14-க்கும் உள்ள இடைவெளி இறங்கவில்லை. உங்கள் பெயர் எழுதிய குப்பியை மருத்துவமனைக் குளிர்பெட்டியிலேயே வைத்துத் தருவார்களா என்று முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, திறந்த குப்பியைப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொண்டுவருவது சரிப்படாது.

ஆறு மாதம் போதுமா? 4,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து பிரிட்டன் நடத்திய பெர்செஃபோனி ஆய்வு (2019) ஓராண்டுக்குக் குறையில்லை என்றது. பிரான்சின் ஃபேர் ஆய்வு அதை நிறுவ முடியவில்லை. ஆகவே பெரும்பாலான டாக்டர்கள் ஓராண்டிலேயே நிற்கிறார்கள். ஆறு மாதம் என்றால் 9 ஊசி, 7 குப்பி. பணமில்லாமல் நடுவில் நிறுத்தப்போகும் நிலை வந்தால், நிறுத்தும் முன் இந்தக் கேள்வியை டாக்டரிடம் போடுங்கள்.

கதிர்வீச்சில் காசு கரைவது எந்திரத்தின் அடியில் அல்ல, லாட்ஜில். முன்பு 50 கிரே (கதிர்வீச்சின் அளவு), 25 தடவை. 2008-இல் வெளியான பிரிட்டன் ஆய்வுக்குப் பின் 40 கிரே, 15 தடவை. 2020-இல் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு 26 கிரே, 5 தடவை என்று காட்டியது. சனி ஞாயிறு சேர்த்தால் வெளியூரில் தங்கும் நாள் 33, 19, 5. அறையும் சாப்பாடும் இருவருக்கு நாளுக்கு 800 என்று வையுங்கள்: 26,400, 15,200, 4,000. துணைக்கு வந்தவரோடு இரண்டு பேர் கூலி போகிறது. தமிழகத்தில் 2025-26-இன் நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய்; சிகிச்சை நாளுக்கு மட்டும் பார்த்தாலும் 16,800, 10,080, 3,360. கூட்டினால் 43,200, 25,280, 7,360. நெறிக்கட்டியில் நோய் இருந்தால் ஐந்து தடவை எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால் 25 என்று எழுதிக் கொடுத்தால், 15 ஏன் ஆகாது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனைச் சான்று வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை போன்ற அரசு இடங்களில் உங்கள் கணக்கின் ரூபாய்ப் பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். நாள் பத்தி காலியாகாது. வருமான வரி கட்டுபவர்கள் பழைய முறையில் 80டிடிபி பிரிவின்கீழ் 40,000 வரையும், சிகிச்சை பெறுபவர் 60 வயதைத் தாண்டியவர் என்றால் 1,00,000 வரையும் கழிக்கலாம்.

கடைசியில் ஒரு மாத்திரை. ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் டாமாக்ஸிஃபென் 20 மி.கி., தினம் ஒன்று, 5 ஆண்டு. 1,826 மாத்திரை, மொத்த மருந்து 36.5 கிராம். இவ்வளவு கணக்கிலும் மலிவானது இதுதான். உடம்பு தேறியதும் பலர் பாதியில் விடுவதும் இதைத்தான், விடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் கையெழுத்துக்கு முன், மொத்தத் தொகைச் சீட்டு போதாது என்று சொல்லுங்கள். மருந்தின் பெயர், மி.கி., குப்பி எண்ணிக்கை, பேட்ச் எண், தேதி எல்லாம் உள்ள விவரப் பில்லையும், எந்த மருந்து எத்தனை சுற்று என்று எழுதிய கீமோ அட்டையையும் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் அடுத்த மருத்துவமனையில் சிகிச்சையும் சரியாகத் தொடராது, காப்பீட்டில் பணமும் வராது.