வட்டியும் வீடும்

வீட்டின் விலையை வினவுவோர் பலர். கடனுக்கான வட்டியை ஆராய்வோர் சிலரே. வணிக வங்கிகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி அளிக்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டியே ரெப்போ விகிதம். பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அது 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மாறும் வட்டியில் பெறப்பட்ட வீட்டுக் கடன்களின் வட்டியும் உடன் ஏறியது.

30 இலட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 6.5 விழுக்காட்டு வட்டியில் பெற்றவரின் மாதத் தவணை ஏறத்தாழ 22,367 ரூபாய். அக்கடனுக்கே வட்டி 9 விழுக்காடாயின், முதல் மாத வட்டி மட்டும் 22,500 ரூபாய். பழைய தவணையையே செலுத்தினால் கடன் குறையாது, வளரும்! குறித்த காலத்தில் அடைக்கத் தவணை 26,992 ரூபாயாக வேண்டும். ஊதியமோ அவ்வளவு விரைவாக உயர்வதில்லை.

புதிதாக வீடு தேடுவோருக்கு இடர் வேறு வடிவில் வருகிறது. அதே 22,367 ரூபாய்த் தவணைக்கு 9 விழுக்காட்டு வட்டியில் கிடைக்கும் கடன் 25 இலட்சத்திற்கும் சற்றுக் குறைவே. வாங்குவோர் குறைந்தால் விலை இறங்கும் என எண்ணலாம். ஆயினும் விற்போர் விலையைக் குறைக்க மனமின்றிக் காத்திருப்பர். வீடு கட்டி விற்போரின் கடன்செலவும் ஏறியிருக்கும். ஆதலால் வட்டி ஏறும் வேகத்தில் விலை இறங்குவதில்லை. அதுவரை, தேடியவர் வாடகை வீட்டிலேயே தங்குகிறார்; அல்லது நகருக்கு அப்பால் சிறியதொரு வீட்டை நாடுகிறார்.