கடையில் ஒரு நிறம், பந்தலில் ஒரு நிறம்

திருமணத்துக்குப் பூ வாங்குவது என்றால் முன்பெல்லாம் நம் தேனிப் பக்கத்தில் அதிகம் யோசிக்க வேண்டியிருந்ததில்லை. மல்லிகை, சம்பங்கி, அரளி, பன்னீர் ரோஜா என்று சீலையம்பட்டிச் சந்தையில் அன்றைக்கு வந்திருப்பதை வாங்கி மாலை கட்டினார்கள். இன்று நிலைமை வேறு. மணமக்கள் மாலை, மேடை அலங்காரம், வாசல் வளைவு, மணப்பெண்ணின் சடை அலங்காரம் ஆகிய அனைத்தும் ஒரே வண்ணக் குடும்பமாக இருக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். அதிலும் அதிகம் கேட்கப்படுவது 'பீச்' நிற ரோஜா. கொடைக்கானலிலிருந்து வரும் பீச்சஸ் பழத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் கன்னத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஒன்றில் ஒன்று கரைந்தாற்போல் ஒரு சாயல் உண்டு. அதுவே இந்நிறம். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளரும் இந்த ரோஜா, கட்டுக்கு 20 பூ வீதம் காகிதம் சுற்றி நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்கிறது.

அழகான நிறந்தான், ஆனால் ஏமாற்றும் நிறம். சில ஆண்டுகளுக்கு முன்பு உத்தமபாளையம் பக்கம் ஒரு திருமண வீட்டில் இதனால் பெரிய தகராறே மூண்டது. முதல் நாள் இரவு பெண்ணின் தாய்மாமன், மேடைக்கு வாங்கிய பீச் நிறத் துணியில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய், கடை விளக்கின் கீழ்ப் பூவோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டும் அச்சாக ஒத்திருந்தன. மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்தவெளிப் பந்தலில் பார்த்தால் பூ ரோஸ் நிறமாகவும், துணி வெளிறிய செங்கல் நிறமாகவும் நின்றன! "ராத்திரி காட்டின பூ வேற, இப்பக் கொண்டாந்தது வேற" என்றார் மாமன். "அதே கட்டுதாண்ணே, பிரிக்கக்கூட இல்ல" என்றார் பூக்காரர். முடிவில் பேசிய தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். விடிய விடியக் கண்விழித்து மாலை கட்டியவருக்கு அந்த முகூர்த்தத்தில் மிச்சமானது பழிச்சொல்தான். இருவரில் யார் பொய் சொன்னார்? இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். எப்படி என்று பார்ப்போம்.

பூவின் நிறம் பூவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நிறம் என்பது மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை. விளக்கோ சூரியனோ ஒளியைத் தருகிறது. இதழ் அதில் ஒரு பகுதியை விழுங்கி எஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது. அதைக் கண் வாங்கி மூளைக்குச் சொல்கிறது. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. இதில் ஊதா, நீலம் முதல் முனையிலும் சிவப்பு கடைசி முனையிலும் உள்ளன.

பீச் ரோஜாவின் இதழில் இரண்டு வகை நிறமிகள் குறைந்த அளவில் கலந்திருக்கின்றன. ஒன்று ஆந்தோசயனின். இது 500 நானோமீட்டரை அடுத்த பச்சைப் பகுதியை விழுங்கி, இதழுக்குச் சிவப்பைத் தருகிறது. மற்றொன்று கரோட்டினாய்டு. காரட்டிலும் மாம்பழத்திலும் உள்ள அதே குடும்பம். இது நீலத்தை விழுங்கி மஞ்சளைத் தருகிறது. ஆந்தோசயனின் பங்கு சற்றே கூடினால் பூ ரோஸ் பக்கம் சாயும். கரோட்டினாய்டு கூடினால் சந்தன நிறத்துக்குப் போய்விடும். ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களுக்கு அடர்ந்த மஞ்சள் கிடைத்தது மிகவும் பிந்தித்தான். பிரான்சு நாட்டு லியோன் நகரின் பெர்னே துஷே என்பவர், பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலப்பினம் செய்து 1900-இல் 'சொலை தோர்' என்ற வகையை வெளியிட்டார். இன்றைய ஆரஞ்சு, செம்மஞ்சள் ரோஜாக்கள் பலவற்றின் குடிவழியில் அந்த மூதாதைக்கு இடமுண்டு.

இனிக் கண்ணுக்கு வருவோம். விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூவகை. அவை முறையே ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டர் அருகே மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. ஆனால் எந்தக் கூம்பும் தன்மேல் விழுந்தது இன்ன அலைநீளம் என்று தனித்தனியே சொல்வதில்லை. மொத்தம் எவ்வளவு என்ற கூட்டுத்தொகையை மட்டுமே சொல்கிறது. எத்தனை ஆயிரம் வகையாக ஒளி வந்தாலும் மூளைக்குப் போவது மூன்று எண்கள்தாம்.

இதன் விளைவை மளிகைக் கடைச் சிட்டையை வைத்து எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் பருப்பும் எண்ணெயும் வாங்குகிறார். மற்றவர் அரிசியும் மிளகாயும் வாங்குகிறார். இருவர் சிட்டையிலும் கூட்டுத்தொகை 500 ரூபாய். தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றே. அடுத்த வாரம் எண்ணெய் விலை ஏறி, மிளகாய் விலை இறங்குகிறது. அதே சரக்கை அதே அளவு வாங்கினாலும் இப்போது தொகைகள் பிரிந்துவிடும் அல்லவா? இங்கே சரக்கு என்பது இதழோ துணியோ திருப்பி அனுப்பும் அலைநீளங்கள். விலை என்பது விளக்கு ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தரும் ஒளியின் அளவு. பூவின் பீச் நிறம் செடியின் நிறமிகளால் ஆனது. துணியின் பீச் நிறம் ஆலைச் சாயத்தால் ஆனது. சரக்கு வேறு, தொகை ஒன்று. வெளிச்சம் மாறினால் தொகை பிரியும். இந்நிகழ்வை மெட்டாமெரிசம் என்பர்.

மலர்களின் நிறத்தை நிறமாலைகாட்டி கொண்டு ஆராய்வதில் நம் சர் சி. வி. இராமனுக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றவர், தம் முதுமையில் பலவகைப் பூக்களை எடுத்து, அவை திருப்பி அனுப்பும் ஒளியைப் பிரித்துப் பார்த்து, 1963-இல் மலர் நிறங்களும் பார்வையும் பற்றி விரிவாக எழுதினார். மூவகைக் கூம்புக் கொள்கையை அவர் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்வந்த ஆய்வுகள் கூம்புகளின் பக்கமே நின்றன. ஆயினும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நிறத்தைப் பிரித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்னும் அவருடைய வழி இன்றும் சரியான வழியே.

அவ்வழியை நீங்களும் பின்பற்றலாம். செலவு ஒன்றுமில்லை. வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பழைய சி.டி. தட்டு ஒன்றை எடுத்து, அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கின் ஒளி அதன்மேல் சாய்வாக விழுமாறு பிடியுங்கள். பழைய குண்டு பல்பானால் ஊதா முதல் சிவப்பு வரை இடைவெளியின்றி ஒரு பட்டை தெரியும். குழல் விளக்கானால் பச்சை, நீலம் முதலிய சில நிறங்கள் தனித்தனிக் கோடுகளாக எழுந்து நிற்கும். அவை பெரும்பாலும் விளக்கிலுள்ள பாதரச ஆவி, பாஸ்பரப் பூச்சு ஆகியவற்றின் வேலை. எல்.இ.டி. விளக்கில் நீலம் தனியாக ஒளிரும். அடுத்து ஒரு மங்கல். பிறகு பச்சை முதல் சிவப்பு வரை ஒரு மேடு. இவ்விளக்கில் 450 நானோமீட்டர் அளவில் ஒளிரும் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பரம் பூசியிருப்பதே காரணம். கவனியுங்கள்: 430-க்குக் கீழே, ஊதாவில், இதற்கு ஏறக்குறைய ஒளியே இல்லை. மலிவான விளக்குகளில் ஆழ்சிவப்பும் குறைவு. (சூரியனை மட்டும் இப்படித் தட்டில் பிடித்துப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கேடு.)

தெருவெல்லாம் சோடியம் ஆவி விளக்குகள் எரிந்த காலத்தில் நிலைமை இன்னும் மோசம். தாழ்அழுத்தச் சோடியம் விளக்கு ஏறத்தாழ 589 நானோமீட்டர் என்ற ஒரே மஞ்சளைத்தான் தரும். அதன் கீழ் வெள்ளை, சந்தனம், பீச் எல்லாம் ஒரே சாதி.

இப்போது உத்தமபாளையத்துப் பந்தலுக்குத் திரும்புவோம். கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். மேற்கே குமுளி, கம்பம்மெட்டுப் பக்கத்து மலைச்சுவர். கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகள். ஆறு கிலோமீட்டர் தொலைவில் 700 மீட்டர் உயர்ந்த மலை ஒன்று நிற்பதாகக் கொண்டால், அதன் உச்சி நம் கண்ணுக்கு அடிவானத்திலிருந்து ஆறரைப் பாகை உயரத்தில் தெரியும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், மலைக்கு மேல் எட்டிப் பார்க்க அதற்கு ஏறத்தாழ 26 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். அதுவரை பள்ளத்தாக்குக்கு வெளிச்சம் தருவது வானம் மட்டுமே. காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைகளையே மிகுதியாகச் சிதறடிக்கின்றன. 650 நானோமீட்டர் சிவப்பைவிட 450 நானோமீட்டர் நீலம் நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. ஆகவே நம் ஊரின் 'ஆறு முதல் ஏழரை' முகூர்த்தம் தொடங்கும் நேரம், ஊதாவும் நீலமும் மிகுந்த வெளிச்சத்தில் அமைகிறது. மாலையில் மேற்கு மலை சூரியனை விழுங்கிய பிறகும் இதே கதைதான்.

கடையின் எல்.இ.டி. விளக்கில் ஊதா இல்லை. ஆதலால் அந்த இதழ் ஊதாவைத் திருப்பி அனுப்பக்கூடியது என்ற செய்தி அங்கே வெளிப்படவேயில்லை. காலை வானம் அதை வெளிப்படுத்தியது. இதழ் ரோஸ் ஆயிற்று. துணியின் சாயம் ஊதாவை விழுங்கிக்கொண்டதால் அது செங்கல் நிறத்திலேயே நின்றுவிட்டது.

'எந்த வெளிச்சத்திலும் வெள்ளை வேட்டி வெள்ளையாகத்தானே தெரிகிறது?' என்று கேட்பீர்கள். நல்ல வினா. சூழ்ந்த ஒளிக்கு ஏற்பக் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் அது மூன்று எண்களையும் ஒட்டுமொத்தமாகக் கூட்டிக் குறைக்கும் சரிக்கட்டல்தான். ஏற்கெனவே பிரிந்துபோன இரு தொகைகளை அதனால் ஒன்றாக்க முடியாது.

ஒளியைப் போலவே அண்டை நிறமும் ஏமாற்றும். பாரிசு நகரின் கோபெலின் நெசவுச் சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலார் செவ்ரோல் என்பவரிடம், கறுப்புச் சாயம் மட்டமானது என்ற புகார் வந்தது. அவர் ஆராய்ந்ததில் சாயத்தில் குற்றம் இல்லை. அதைச் சுற்றியிருந்த நூல்களின் நிறமே கறுப்பைக் கெடுத்துக் காட்டியது. 1839-இல் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். அரக்குச் சிவப்புப் பட்டின்மேல் கிடக்கும் பீச் மாலை வெளிறித் தோன்றுவதும், இலைப் பச்சைப் பட்டின்மேல் அதே மாலை சிவந்து தோன்றுவதும் இவ்வகைதான். பச்சைச் சாமியானாவின் கீழோ உண்மையாகவே நிறம் மாறுகிறது. துணி சிவப்பை வடிகட்டிவிட்டால் இதழ் எதைத் திருப்பி அனுப்பும்? அப்போது பறித்த பூவும் வாடியதாகத் தெரியும். பீச் பூ வேண்டும் என்பவர்கள் பந்தல் கூரைக்கு வெள்ளைத் துணியைத் தவிர வேறு எதையும் நினைக்காதிருப்பது நல்லது.

பூவும் சும்மா இருப்பதில்லை. மொட்டில் நிறம் அடர்ந்திருக்கும். இதழ் விரிய விரிய அதே நிறமி அதிகப் பரப்பில் பரவி வெளுக்கும். வெயில் மிகுந்த நாள்களில் வளரும் பூவில் ஆந்தோசயனின் குறைவாக உருவாவதால், சித்திரையில் வரும் கட்டும் தையில் வரும் கட்டும் ஒரே வகையானாலும் ஒத்துப்போவதில்லை. பறித்துச் சில நாளான இதழில் செல்சாற்றின் அமிலத்தன்மை குறைந்து, சிவப்பு நீலம் கலந்ததாக மாறும். எனவே வகை ஒன்று, பறித்த நாள் ஒன்று, விரிந்த அளவு ஒன்று என்று மூன்றும் பொருந்தக் கேட்டு வாங்கவேண்டும்.

துணியைப் பூவோடு பொருத்துவதற்கு, முகூர்த்தம் நடக்கும் அதே நேரத்தில், அதே வகை வெளிச்சத்தில், வாசலுக்கு வந்து பாருங்கள். வரவேற்பு இரவில் மண்டபத்தில் என்றால் மண்டபத்து விளக்கின் கீழும் பாருங்கள். விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். மேடைக்கு அது 90-க்கு மேல் இருந்தால் நலம். 80 என்பது வீட்டுக்குப் போதும், பீச் ரோஜாவுக்குப் போதாது.

என் கருத்தைக் கேட்டால், அச்சாக ஒத்த நிறம் தேடுவதே வேண்டாத வேலை. சந்தனம், பீச், செம்பவளம் என்று படிப்படியாக மூன்று சாயல்களை எடுத்துக்கொண்டால், வெளிச்சம் மாறும்போது படிகள் சற்றே நகருமே தவிரப் பிழையாகத் தெரியாது. இரு நிறங்கள் ஓரத்தோடு ஓரம் ஒட்டியிருந்தால்தான் கண் நுண்ணிய வேறுபாட்டைப் பிடிக்கும். நடுவில் வேறொன்று வந்தால் அந்தக் கூர்மை குறைந்துவிடும். நம் ஊர் மாலை கட்டுபவர்கள் ரோஜாவுக்கும் ரோஜாவுக்கும் நடுவே ஒரு வரிசை சம்பங்கியும், கொஞ்சம் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டுகிறார்களே, அது வெறும் அழகுக்காக மட்டுமன்று.

கைப்பேசியில் படம் அனுப்பிப் பூச் சொல்வோருக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசி தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்து படமெடுக்கிறது. ஒவ்வொரு திரையும் நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டுகிறது. பூவுக்கு அருகில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படமெடுங்கள். படத்தில் அந்தத் தாள் மஞ்சளாகத் தெரிந்தால், பூவின் நிறத்திலும் அவ்வளவு மஞ்சளைக் கழித்துக்கொள்ளுமாறு கடைக்காரரிடம் சொல்லிவிடலாம்.