இடம் மாறினும் வழுவாத சோதனை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்து மூதூரையும் கிண்ணியாவையும் நிலாவெளியையும் அழித்தபோது, காணாமற்போனோரின் பெயர்களையும் முகாம்களின் தேவைகளையும் ஒழுங்காகப் பதிந்து வைப்பதற்கென்று கொழும்பிலே தன்னார்வ நிரலாளர்கள் கூடி எழுதிய ‘சகானா’ என்னும் கட்டற்ற மென்பொருள், பின்னாளில் தேசங்கள் பல கடந்து, 2010இல் ஹெயிட்டி பூகம்பத்தின்போது பைத்தன் மொழியில் அமைந்த ‘ஈடன்’ என்னும் வடிவில் உபயோகப்பட்டது.

அனர்த்த கால மென்பொருளுக்கு நிரந்தர வாசஸ்தலம் கிடையாது. ஈடனைத் தாங்கும் ‘வெப்டூபை’ என்னும் சட்டகத்தை, முறைப்படி நிறுவாமலே, கிடைத்த கணினியில் விரும்பிய கோப்புறையில் அவிழ்த்து இயக்கலாம். ஆகவே இத்தகைய மென்பொருளைப் பரீட்சிக்கும் சோதனை நிரலும் இடத்துக்குக் கட்டுப்படாதிருத்தல் அவசியம்.

ஒரு நிரல் வேறொரு மொடியூலை (நிரற்கூற்றை) வரவழைக்கும்போது, பைத்தன் ‘சிஸ்.பாத்’ என்ற பட்டியலிலுள்ள கோப்புறைகளை வரிசையாகப் பார்த்து, முதலில் அகப்பட்ட மொடியூலை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். நிரலொன்றை நேரே இயக்கினால் பட்டியலின் முதலிடத்தில் நிற்பது அந்நிரல் உள்ள கோப்புறையே. சோதனைகள் ‘டெஸ்ட்ஸ்’ என்ற தனிக் கோப்புறையில் இருப்பதால், அதற்கு வெளியே உள்ள, சோதிக்கப்படவேண்டிய மொடியூல் அகப்படுவதில்லை. இதற்குப் பரிகாரமாகத் தம் கணினியின் முழுப் பாதையையே நிரலில் பொறித்துவிடுவோர் உண்டு. அந்தச் சோதனை அவர் மேசையில் மட்டுமே ஓடும். இதனினும் விபரீதமானது, முன்னரே நிறுவிய பழைய பிரதி அக்கணினியில் இருப்பது: சோதனை அப்பழையதையே எடுத்து ஆராய்ந்து, புதிய நிரலின் பிழை அப்படியே கிடக்க, ‘சித்தி’ என்று அறிவித்துவிடும். சோதனையே இல்லாமையைவிட இதனையே நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

வள்ளம் எந்தக் கரையில் ஏற்றப்பட்டிருந்தாலும் தன் பெட்டியிலிருந்தே உளியை எடுக்கும் தச்சனைப் போல, சோதனையும் தன் இருப்பிடத்திலிருந்தே வழியறிய வேண்டும். அதற்கு உதவுவது, இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுடன் எழுதப்படும் ‘ஃபைல்’ என்ற மாறி. கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும். அதனை முழுப் பாதையாக்கி, டெஸ்ட்ஸிலிருந்து ஒருபடி மேலேறினால் மென்பொருளின் மூலக் கோப்புறை கிட்டும். அதனை ‘சிஸ்.பாத்’ பட்டியலின் இறுதியிலன்றி முதலிடத்திலேயே செருகினால், பழைய பிரதி குறுக்கிட வழியில்லை.

திருகோணமலையின் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி பயிலும் மாணவர்களே, உங்கள் மென்பொருளை வேறு பெயருள்ள கோப்புறைக்குப் பிரதி செய்து, அதற்கு வெளியே நின்று சோதனைகளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதன் பின்னரே பிறர் கையில் கொடுங்கள்.