ஏலச்செடியைக் கெடுக்கும் கிருமி: கம்ப்யூட்டரில் சிக்கியது எப்படி?

போடிநாயக்கனூரில் இருந்து தேவாரம் போகும் சாலையில், மலை அடிவாரத்தில் இருக்கிறது ராசிங்காபுரம்.

இந்தப் பக்கத்து ஊர்களில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும். ஆண்களும் பெண்களும் தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறுவார்கள். மலைக்குப் போய், ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

தோட்டத்தில் காய் இருந்தால்தான் கூலி உண்டு. கூலி இருந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

அந்தக் காய்க்கு ஒரு பெரிய எதிரி உண்டு. அதன் பெயர் 'கட்டே' நோய்!

மருந்து இல்லை

இந்த நோய் வந்தால், குருத்து இலையில் வெளிர் பச்சைக் கோடுகள் தோன்றும். பிறகு இலை முழுவதும் தேமல் படரும். செடி குட்டையாகிவிடும். காய் ஆண்டுக்கு ஆண்டு குறையும்.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. செடியைக் கிழங்கோடு பிடுங்கி அழிக்க வேண்டியதுதான்.

நோய் தொற்றிய உடனே கோடு தெரியாது. வாரக் கணக்கில் ஆகலாம். மாதக் கணக்கிலும் ஆகலாம். அதுவரை செடி பச்சைப்பசேல் என்று நிற்கும். அதற்குள் அசுவினிப் பூச்சி அந்தச் செடியின் சாற்றை உறிஞ்சும். பக்கத்துச் செடிக்குப் போய் நோயைப் பரப்பிவிடும்.

நல்ல செடி என்று நம்பி, அதன் கிழங்கைப் பிரித்து நட்டால் என்ன ஆகும்? நோயையும் சேர்த்து நட்டதாக ஆகும்!

கிருமியின் எழுத்து

கட்டே நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அது நூல் போல இருக்கும். ஏறத்தாழ 1,500 வைரஸ்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லி மீட்டர் நீளம் வரும்.

அந்த நூலுக்குள், "என்னைப் போல இன்னொன்றைச் செய்" என்ற கட்டளை இருக்கிறது. நான்கு வகை ரசாயனப் பொருள்கள் மாறி மாறிக் கோத்த சரம் அது. விஞ்ஞானிகள் அவற்றுக்கு நான்கு எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

2020-ம் ஆண்டில் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்த கொரோனா வைரசில் சுமார் 30 ஆயிரம் எழுத்துகள். ஏலச்செடி வைரசில் சுமார் 8 ஆயிரம்.

இத்தனை எழுத்துகளையும் மற்ற வைரஸ்களோடு ஒப்பிட்டுப் பார்க்க மனிதனுக்குப் பல நாள் ஆகும். கம்ப்யூட்டர் நொடியில் பார்த்துவிடும்.

மதுரையில் ஆராய்ச்சி

மதுரை காமராசர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தாமஸ் ஜேக்கப், ஆர்.உஷா ஆகியோர் இந்த வைரசின் ஒரு பகுதியைப் படித்தார்கள். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போல, அதை மற்ற வைரஸ்களின் எழுத்துகளோடு பொருத்திப் பார்த்தார்கள். இது 'மக்லுரா வைரஸ்' என்ற இனத்தைச் சேர்ந்தது என்று 2002-ம் ஆண்டில் அறிவித்தார்கள்.

மறு ஆண்டு இன்னொரு செய்தி வந்தது. தென்னிந்தியாவில் பல இடங்களில் எடுத்த கட்டே வைரஸ்களை ஒப்பிட்டபோது, அவற்றுக்குள் நிறைய வேறுபாடு இருந்தது. நோய் ஒன்றுதான். கிருமியோ இடத்துக்கு இடம் மாறியிருந்தது!

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்?

கோடு தோன்றும் முன்பே நோயைக் கண்டுபிடிக்கச் சோதனை வேண்டும். ஓர் ஊர்க் கிருமியைக் காட்டும் சோதனை, அடுத்த ஊர்க் கிருமியைத் தவறவிட்டால் பயன் இல்லை. எழுத்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால், எல்லாக் கிருமியிலும் மாறாத இடம் தெரியும். அந்த இடத்தைக் குறி வைத்தால் எந்த ஊர்க் கிருமியும் அகப்படும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், வைரசின் எழுத்துகளைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்கும் சோதனை பற்றி 2010-ம் ஆண்டில் எழுதினார்கள்.

கிருமியின் கத்தரிக்கோல்

இந்த வைரஸ் தனக்கு வேண்டிய புரதங்களைத் தனித்தனியாகச் செய்வது இல்லை. ஒரே நீளமாகச் செய்து, பிறகு துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும். தையல்காரர் துணியை வெட்டுவது போலத்தான்!

வெட்டும் கத்தரிக்கோலும் ஒரு புரதமே. அதன் உருவத்தை உஷா, எஸ்.கிருஷ்ணசாமி ஆகியோர் அடங்கிய மதுரைக் குழு, முதல் ஆராய்ச்சிக்குப் பத்தாண்டுகள் கழித்துக் கம்ப்யூட்டரில் அமைத்துப் பார்த்தது. கத்தரிக்கோலை முடக்கினால் கிருமி பெருக முடியாது. முடக்கும் வழியைத் தேட அதன் உருவம் தெரிய வேண்டும்.

தப்பி நின்ற செடி

கம்ப்யூட்டர் மட்டும் போதுமா? போதாது.

கட்டே நோய் சூழ்ந்த தோட்டங்களில் சில செடிகள் மட்டும் நோய் இல்லாமல் நின்றன. கோழிக்கோடு நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் அவற்றைத் தேடி எடுத்து வளர்த்தார்கள். அப்படிக் கிடைத்ததுதான், கட்டே நோயைத் தாங்கும் 'விஜேதா' ரகம். அதைத் தேடிப் பிடித்தது மனிதனின் கண்!

தோட்டத்திலும் அப்படித்தான். குருத்து இலையில் கோட்டை முதலில் பார்ப்பவர், களை எடுக்கவும் காய் பறிக்கவும் ஜீப்பில் வந்த தொழிலாளிதான். பார்த்த அன்றே செடியைப் பிடுங்கினால் பக்கத்துச் செடி பிழைக்கும். நோய் கண்ட தோட்டத்துக் கிழங்கை வாங்காமல் இருந்தால் புதுத் தோட்டம் பிழைக்கும்.

கம்ப்யூட்டர் கிருமியைக் காட்டிக்கொடுக்கும். செடியைப் பிடுங்க வேண்டியது மனிதனின் கை!