கிரியேட்டினின் சொல்லாத நலிவு

நாள்பட்ட சிறுநீரக நோய் உடையவர்களின் உடலில் ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழும் வலிமைக் குறைவை மருத்துவம் இப்போது ‘நலிவு’ என்னும் தனி நிலையாகவே கருதுகிறது; களைப்பு, முதுமை, மனச்சோர்வு ஆகியவற்றோடு அது கலந்து தோன்றினாலும் அவற்றுள் எதனோடும் அது ஒன்றல்ல. ஒரு காய்ச்சல், ஒரு சிறு அறுவை, குளியலறையில் ஒருமுறை கால் இடறுவது என்று மற்றவர்கள் பத்து நாளில் கடந்துவிடும் இடையூறு வரும்போது, அதைத் தாங்குவதற்கான இருப்பு உடலில் இல்லாமற்போவதே நலிவு. திருப்பதி, சித்தூர்ப் பகுதியில் தெலுங்கு பேசுவோர் உடற்சோர்வை ‘நீரசம்’ என்பார்கள். அவர்களோடு பழகிவரும் தமிழர்களுக்கும் அது அறிமுகமான சொல்லே. நோயாளி தன் வாயால் முதலில் சொல்வது அந்தச் சொல்லைத்தான். பரிசோதனைத் தாளில் எந்தக் கட்டத்திலும் அது இடம்பெறாததால் எளிதில் கவனிக்கப்படாமல் போவதும் அதுவே.

இப்பகுதியில் சிறுநீரக மருத்துவம் எட்டாக்கனியாக இல்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993இல் செயல்படத் தொடங்கி, 1995இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம், மக்கள் வழக்கில் ‘ஸ்விம்ஸ்’, திருப்பதியில் இருக்கிறது. சித்தூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், 1971இலேயே சிறுநீரக மாற்று அறுவையை வெற்றியாகச் செய்துகாட்டிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. 2007இல் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டம், ஆட்சிகளோடு பெயர் மாறிவந்தாலும், ஏழைக் குடும்பங்களுக்கு டயாலிசிஸ் என்னும் ரத்தச் சுத்திகரிப்பைக் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்தது. முன்பு சில வாரங்களில் முடிந்துபோன வாழ்க்கை இன்று பல ஆண்டுகள் நீள்கிறது. நீண்ட அந்த வாழ்க்கையில் நோயாளி தானே எழுந்து, தானே நடந்து, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்ற கேள்வி, உயிர் காக்கப்பட்ட பிறகுதான் எழ முடியும். எழுந்தே ஆகவேண்டிய கேள்வியும் அது.

நலிவை அளக்கும் வழியை 2001இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரைடும் அவருடைய குழுவினரும் வகுத்தனர். முயலாமலேயே ஓராண்டில் நான்கரை கிலோ அளவுக்கு எடை குறைவது, எதைச் செய்தாலும் ஓய்ந்துபோவதாக உணர்வது, கைப்பிடியின் வலிமை தளர்வது, நடை வேகம் குறைவது, அன்றாட உடல் உழைப்பு சுருங்குவது ஆகிய ஐந்தில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அவர் நலிவுற்றவர். ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசலில் நிற்பவர். இந்த அளவுகோல் முதியவர்களுக்காகவே உருவாயிற்று. ஆனால் 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இதே கருத்தைச் சற்று மாற்றி, டயாலிசிஸ் பெறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பொருத்திப் பார்த்தபோது, அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் நலிவுற்றிருந்தனர். நாற்பது வயதைத் தொடாதவர்களிடமும் அது பரவலாகக் காணப்பட்டது. செகந்திராபாத் காந்தி மருத்துவமனையில் அரசுத் திட்டத்தின்கீழ் டயாலிசிஸ் பெற்றோரிடையே நடந்து 2017இல் வெளியான ஆய்விலும் பெரும்பான்மையோர் நலிவுற்றவர்களாகவே இருந்தனர். அதாவது, சிறுநீரக நோய் உடலின் வயதை நாட்காட்டியைவிட வேகமாகக் கூட்டிவிடுகிறது.

சிறுநீரக நோயாளியின் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் எண் கிரியேட்டினின். இங்கேதான் ஒரு பெரும் தவறான புரிதல் ஒளிந்திருக்கிறது. தசைகள் இயங்கும்போது உண்டாகி, சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டிய கழிவே கிரியேட்டினின். ரத்தத்தில் அதன் அளவு உயர்வது சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டுகிறது என்பது உண்மை. ஆனால் அது பிறக்கும் இடம் தசை என்பதால், தசை கரைந்துபோனாலும் அதன் அளவு குறையும். சென்ற மாதம் ஒன்பதாக இருந்தது இந்த மாதம் ஆறாக இறங்கியது என்று குடும்பம் மகிழும் வேளையில், சில நோயாளிகளிடம் உண்மையில் நடந்திருப்பது தொடையும் தோளும் மெலிந்துபோனதுதான். டயாலிசிஸ் பெறுவோரிடையே கிரியேட்டினின் மிகக் குறைவாக இருப்பது பல நேரங்களில் நல்ல அறிகுறியன்று, கெட்ட அறிகுறி என்பதைச் சிறுநீரக மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். எடை பார்க்கும் இயந்திரமும் இதே வகையில் ஏமாற்றக்கூடும். டயாலிசிஸ் முடிந்து, மிகையான நீர் வெளியேறிய பின் இருக்கவேண்டிய எடையை ‘உலர் எடை’ என்பர். இரண்டு கிலோ தசை கரைந்து, அந்த இடத்தை இரண்டு கிலோ நீர் நிரப்பிவிட்டால், இயந்திரம் பழைய எண்ணையே காட்டும், மூச்சுத்திணறல் வரும்வரை யாருக்கும் ஐயம் எழாது.

தசை ஏன் கரைகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அந்த அமிலச் சூழல் தசைப் புரதத்தை உடைக்கும் உயிரணு இயந்திரத்தை முடுக்கிவிடுகிறது. வெளியேறாத கழிவுகள் நாவின் சுவையையும் பசியையும் கெடுக்கின்றன. உடலில் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, உண்ட உணவையும் தசையாக மாறவிடுவதில்லை. சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்னும் இயக்குநீர் சிறுநீரகத்தில் சுரப்பதால், அது குறையும்போது ரத்தசோகை வந்து, மாடிப்படி ஏறுவதே மலையேற்றமாகிறது. இவற்றோடு, பலருக்குச் சிறுநீரக நோயைக் கொண்டுவந்த சர்க்கரை நோய் கால் நரம்புகளையும் கெடுத்துவைத்திருக்கும். நோயும் ஊட்டக்குறைவும் சேர்ந்து உடலின் புரதத்தையும் ஆற்றலையும் இவ்வாறு கரைப்பதற்கு, பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2008இல் தனிப் பெயரே சூட்டியது. வெறும் பட்டினியால் வரும் மெலிவாக இருந்தால் உணவு கொடுத்தால் சரியாகிவிடும். இது அவ்வளவு எளிதில் சரியாவதில்லை என்பதால்தான் தனிப் பெயர் தேவைப்பட்டது.

மருத்துவம் சொன்ன அறிவுரையே காலம் கடந்தும் பின்பற்றப்பட்டு நலிவை வளர்ப்பது இதில் மிகவும் வருத்தமளிப்பது. டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் சிறுநீரகத்தின் சுமையைக் குறைப்பதற்காகப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியபின் கணக்கு தலைகீழாகிறது: ஒவ்வொரு முறையும் கழிவுகளோடு ஆறு முதல் எட்டு கிராம் வரையிலான அமினோ அமிலங்களும் வடிந்துபோவதால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று 2020ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் கூறுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ ஏறத்தாழ ஆறு கிராம்தான். ஆனால் பழைய தடைப் பட்டியல் பல வீடுகளில் அப்படியே தொடர்கிறது; பருப்பும் முட்டையும் மீனும் விலக்கப்பட்டு, கஞ்சியும் மோரில்லாச் சோறுமே பத்தியமாகிவிடுகின்றன. சித்தூர் மண்ணின் உணவுகளான ராகிக் களி, வேர்க்கடலைச் சட்னி, மாம்பழம் ஆகியவற்றில் பொட்டாசியமோ பாஸ்பரஸோ மிகுந்திருப்பதால் கட்டுப்பாடு தேவைப்படுவது மெய்யே. எனினும் எதை விலக்குவது என்பதோடு, அதற்கு ஈடாக எதை உண்பது என்பதையும் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். முட்டையின் வெண்கரு, பாஸ்பரஸ் குறைவாகவும் புரதம் நிறைவாகவும் உள்ள, கைக்கெட்டும் விலையிலான உணவு. அதற்கும் ரத்த முடிவுகளைப் பார்த்து அளவு சொல்லவேண்டியவர் உணவியல் வல்லுநரே.

இரண்டாவது தவறு, ஓய்வு. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுக்கை; மலையடிவாரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் போய்வருவோருக்கு அந்த நாள் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும்; வீடு திரும்பியதும் அன்பு மிகுந்த உறவினர்கள் ஒரு செம்பைக்கூடத் தூக்கவிடுவதில்லை. பயன்படாத தசை சில வாரங்களிலேயே சுருங்கும். இத்தாலியில் ஏறத்தாழ முந்நூறு டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், பாதிப்பேரை ஒருநாள் விட்டு ஒருநாள், காலை பத்து நிமிடமும் மாலை பத்து நிமிடமும் வீட்டருகே நடக்கச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் ஆறு நிமிடத்தில் நடக்கும் தொலைவு 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராகக் கூடியது. மற்றப் பாதியினரிடம் ஏறத்தாழ மாற்றமே இல்லை. இதற்கு இயந்திரமோ உடற்பயிற்சிக் கூடமோ தேவைப்படவில்லை. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள் என்று கணக்கு வைத்திருக்கும் ஊரில், நடையின் அருமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தப் படிகளை ஏறச் சொல்லவில்லை, தெருமுனை வரை போய்வரச் சொன்னால் போதும். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

நலிவுற்றவர் எளிதில் விழுவார். விழுந்தால் எலும்பு முறியும். சிறுநீரக நோயில் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி ஆகியவற்றின் சமநிலை குலைந்து எலும்பே உள்ளிருந்து வலுவிழந்திருப்பதால், இலேசான இடறலே இடுப்பு முறிவாக முடியும். தமிழ்நாடு முழுவதும் பெயர்பெற்ற புத்தூர்க் கட்டின் தாயகம் இப்பகுதியே; முறிவு என்றதும் கால்கள் அங்கே திரும்புவது இயல்பு. ஆனால் டயாலிசிஸ் பெறுபவருக்கு ஏற்பட்ட முறிவில், எலும்பு இணைவதோடு அது ஏன் முறிந்தது என்பதையும் பார்க்க வேண்டியிருப்பதால், சிறுநீரக மருத்துவருக்குத் தெரிவிக்காமல் எந்தக் கட்டும் போடக்கூடாது. வலி மாத்திரைகளுள் பல, எஞ்சியிருக்கும் சிறுநீரகச் செயலையும் அழித்துவிடக் கூடியவை என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

வயது முதிர்ந்து, ஏற்கெனவே படுக்கையோடு ஒட்டிப்போனவர்களுக்கு டயாலிசிஸ் தொடங்குவது பற்றிக் குடும்பங்கள் மனம் திறந்து பேசுவது அரிது. அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வில், டயாலிசிஸ் தொடங்கிய ஓராண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பழைய செயல்திறனோடு எஞ்சியவர்கள் எட்டில் ஒருவர் அளவே. வீக்கம், மூச்சுத்திணறல், அரிப்பு ஆகியவற்றை மருந்தால் தணித்து, டயாலிசிஸ் இன்றியே கவனித்துக்கொள்ளும் முறையும் மருத்துவமே. அதைக் கேட்டுப் பெறுவது பெற்றோரைக் கைவிடுவதாகாது.

மறுபுறம், நலிவைக் காரணம் காட்டி மாற்றுச் சிறுநீரகத்தை மறுப்பதும் எப்போதும் சரியன்று. மாற்று அறுவை பெற்றவர்களைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, முதல் மாதத்தில் நலிவு கூடியது. மூன்றாம் மாதத்திலோ பலர் அறுவைக்கு முன்னிருந்ததைவிட வலுவாக இருந்தனர். ஆகவே பெயர்ப்பட்டியலில் காத்திருக்கும் மாதங்களிலேயே உணவாலும் நடையாலும் உடலைத் தேற்றிவைக்க முடிந்தால், அந்த முதல் மாதத்தைத் தாண்டுவது எளிதாகும். நலிவை அளக்க வேண்டிய கருவிகள் ஒரு கைப்பிடி அளவி, ஒரு கடிகாரம், பதினைந்து அடி நீளத் தரை ஆகியவையே. ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் போதும். கிரியேட்டினின் எழுதும் அதே அட்டையில் நடை வேகத்துக்கும் பிடி வலிமைக்கும் இரண்டு வரிகள் சேர்த்துவிட்டால், அடுத்த முறை வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் அங்கே இருக்கும்.