போட்டித் தேர்வுகளில் பொருளியல் விரிவான விடை எழுதுதல்

விரிவான விடை என்பது சொல்வரம்புக்கும் கால வரம்புக்கும் உட்பட்டு, கருத்து, காரணம், சான்று, முடிவு என்ற ஒழுங்கில் எழுதப்படும் விடையாகும். கொள்குறி வகைத் தேர்வில் சரியான விடையை அடையாளம் கண்டால் போதும். விரிவான விடையில் தெரிந்ததை வினாவுக்கு ஏற்பத் தேர்ந்து, முறைப்படுத்திக் காட்ட வேண்டும். நன்றாகப் படித்த மாணவர் பலர் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான். ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணி முதன்மைத் தேர்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தேர்வின் அமைப்பு

இந்தியப் பொருளாதாரம் பொதுப்பாடம் மூன்றாம் தாளில் இடம்பெறுகிறது. இத்தாளுக்கு 3 மணி நேரம், 250 மதிப்பெண்கள். அண்மை ஆண்டுகளில் 150 சொற்களில் விடையளிக்க வேண்டிய 10 மதிப்பெண் வினாக்கள் பத்தும், 250 சொற்களுக்கான 15 மதிப்பெண் வினாக்கள் பத்தும் கேட்கப்படுகின்றன. கணக்கிட்டால் முதல் வகைக்கு ஏறத்தாழ 7 நிமிடம், இரண்டாம் வகைக்கு ஏறத்தாழ 11 நிமிடம் கிடைக்கும். யோசிக்கும் நேரமும் இதில் அடங்கும்.

பொருளியலை விருப்பப் பாடமாக எடுப்போருக்குத் தலா 250 மதிப்பெண் கொண்ட இரண்டு தாள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 8 வினாக்களில் ஐந்துக்கு விடை எழுத வேண்டும். அவற்றுள் 1, 5 ஆகிய வினாக்கள் கட்டாயமானவை.

வினாவைப் படித்தல்

வினாவின் ஏவற்சொல்லை முதலில் அடிக்கோடிட வேண்டும். 'விளக்குக' என்றால் செயல்படும் விதத்தைச் சொல்ல வேண்டும். 'ஒப்பிடுக' என்றால் ஒரே அளவுகோலில் இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். 'திறனாய்க' என்றால் ஆதரவு, மறுப்பு இரண்டையும் எடைபோட்டு ஒரு நிலைப்பாட்டுக்கு வர வேண்டும். மொழித்தாள்கள் தவிர்த்த பிற வினாத்தாள்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே தரப்படுவதால், தமிழில் விடை எழுதுவோர் இச்சொற்களின் ஆங்கில வடிவங்களையும் பொருளறிந்து பழகியிருக்க வேண்டும்.

ஒரு மாதிரி வினா

"பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த ரெப்போ வட்டி விகித உயர்வு மட்டும் போதுமா? இந்திய அனுபவத்தைக் கொண்டு ஆராய்க."

பணவீக்கத்தின் இலக்கணம், வகைகள் என்று பாதி இடத்தை நிரப்புவது பலவீனமான விடை. வினா அதைக் கேட்கவில்லை. வலுவான விடையைப் பின்வருமாறு அமைக்கலாம்.

1. தொடக்கம்: 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, 4 விழுக்காடு பணவீக்க இலக்கும், அதற்கு மேலும் கீழும் 2 விழுக்காட்டுப் புள்ளி வரம்பும் வகுக்கப்பட்டன. ரெப்போ விகிதமே இதற்கான முதன்மைக் கருவி.
2. செயல்படும் விதம்: ரெப்போ உயர்ந்தால் வங்கிக் கடன் வட்டி உயரும், கடனும் செலவும் குறையும், தேவையின் அழுத்தம் தணியும்.
3. எல்லை: விலையேற்றம் விளைச்சல் குறைவால் வந்தால், வட்டி உயர்வு காய்கறி வரத்தைக் கூட்டாது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு ஏறத்தாழ 46 விழுக்காடு.
4. சான்று: மே 2022 முதல் பிப்ரவரி 2023 வரை ரெப்போ 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்ந்தது. ஆயினும் தக்காளி முதலிய காய்கறிகளின் விலையேற்றத்தால் ஜூலை 2023இல் பணவீக்கம் 7.44 விழுக்காட்டைத் தொட்டது. காய்கறி விலை இறங்கியதும், ரெப்போ மாறாத நிலையிலேயே, செப்டம்பரில் 5.02 விழுக்காடாகக் குறைந்தது.
5. முடிவு: உணவு விலையேற்றம் கூலிக்கும் பிற விலைகளுக்கும் பரவாமல் தடுக்க வட்டி உயர்வு தேவை, ஆனால் அது மட்டும் போதாது. சேமிப்புக் கிடங்கு, இருப்பு மேலாண்மை, உரிய காலத்து இறக்குமதி ஆகியவையும் வேண்டும்.

இங்கு முடிவு, மூன்றாம் நான்காம் படிகளிலிருந்து பிறப்பதைக் கவனிக்கவும். எந்த வினாவுக்கும் பொருந்தும் பொதுவான முடிவுரை மதிப்பெண் தராது.

வரைபடமும் புள்ளிவிவரமும்

வரைபடம் வாதத்தின் பகுதியாக இருக்க வேண்டும். அச்சுகளுக்குப் பெயரிட்டு, வளைகோடு எத்திசையில் ஏன் நகர்கிறது என்று ஒரு வரியில் எழுத வேண்டும். மேற்கண்ட வினாவில் அளிப்பு வளைகோடு இடப்பக்கம் நகர்வதைக் காட்டினால் போதும். புள்ளிவிவரத்தை ஆண்டுடன் தர வேண்டும். எண் உறுதியாக நினைவில் இல்லையெனில் உயர்ந்ததா, குறைந்ததா என்ற போக்கை மட்டும் எழுதுவதே முறை.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை

பணவியல் கொள்கை ரிசர்வ் வங்கியுடையது. நிதிக் கொள்கை அரசின் வரி, செலவு பற்றியது. நாளிதழ்களில் இவ்விரண்டும் சில வேளைகளில் கலந்து வழங்கும். தேர்வில் கலந்தால் கருத்தே பிழையாகும். ஒரு கருத்துக்கு ஒரு கலைச்சொல்லை மட்டுமே விடை முழுதும் ஆள வேண்டும். கலைச்சொல்லின் ஆங்கில வடிவத்தை அடைப்புக்குறிக்குள் சேர்க்கத் தேர்வாணைய விதி இடம் தருகிறது. ஆனால் விடையை இருமொழிக் கலப்பாக எழுதக் கூடாது.

பயிற்சி

நாளுக்கு ஒரு வினாவைக் கடிகாரம் வைத்து எழுதுக. மறுநாள் அதைப் படித்து, வினாவுக்குத் தொடர்பில்லாத வரிகளை அடித்து நீக்குக. நீக்கிய வரிகள் வாரந்தோறும் குறைந்துவந்தால், விடை எழுதும் திறன் வளர்கிறது என்று கொள்ளலாம்.